குத்தகை வயலும் கொட்டகை மாடும்: வெள்ள நிவாரணம் யாருடைய பெயருக்கு வருகிறது?

மணலியில் குடியிருந்துகொண்டு மீஞ்சூர் பக்கம் மூன்று ஏக்கர் நஞ்சையைக் குத்தகைக்குப் பயிரிடும் உங்கள் தந்தைக்கு, 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் மழையில் சம்பா நெல் மூழ்கியதற்கான நிவாரணம் வரவில்லை. அந்தப் பணம் நிலச் சொந்தக்காரரின் வங்கிக் கணக்குக்குப் போயிற்று. வீட்டுக் கொட்டகையில் இறந்த இரண்டு கறவைப் பசுக்களுக்கும் ஒரு கன்றுக்கும் என்ன உண்டு என்று கேட்கப் போனபோது, மாநகராட்சிப் பகுதியில் மாட்டுக்கு நிவாரணம் கிடையாது என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். இது சரிதானா, இரண்டு ஆண்டு கழிந்த பிறகு ஏதாவது செய்ய முடியுமா, பயிர்க் காப்பீடு எடுத்தால் அரசு நிவாரணம் நின்றுவிடுமா என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டு முறை படித்த பிறகு எனக்குத் தோன்றியது இது: எவ்வளவு பணம் என்பதல்ல உங்கள் மனத்தில் இருப்பது, இழந்தவர் ஒருவராக இருக்க, பட்டியலில் இன்னொருவர் பெயர் எப்படி ஏறுகிறது என்பதுதான் உங்கள் கேள்வி.

நான் கிராம நிர்வாக அலுவலராகச் சேர்ந்து, வருவாய் ஆய்வாளராகவும் பின்னர் துணை வட்டாட்சியராகவும் 31 ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். இப்போது திருவொற்றியூரில் வசிக்கிறேன். கொசஸ்தலையாற்றங்கரைக் கிராமங்களில் வெள்ளச் சேதக் கணக்கெடுப்புக்காகப் பல ஆண்டுகள் சேற்றில் நடந்திருக்கிறேன். உங்கள் தந்தையின் காகிதங்களை நான் பார்க்கவில்லை. ஆகையால் விதி என்ன சொல்கிறது என்பதை உறுதியாகவும், உங்கள் மனு என்ன ஆகும் என்பதை அனுபவத்தை வைத்து ஊகமாகவும்தான் சொல்ல முடியும். இரண்டையும் ஒன்றோடொன்று கலக்காமல் எழுதுகிறேன்.

முதலில் மாட்டைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அங்கே உங்களுக்குச் சொல்லப்பட்டது தவறு என்பதில் சந்தேகமே இல்லை. மாநிலப் பேரிடர் நிவாரண நிதியிலிருந்து எதற்கு எவ்வளவு கொடுக்கலாம் என்பதை ஒன்றிய உள்துறை அமைச்சகம் வகுக்கிறது. 2022-23 முதல் 2025-26 வரையான காலத்துக்கு அது வகுத்த அளவின்படி, கறவைப் பசு அல்லது எருமை ஒன்றுக்கு 37,500 ரூபாய், உழவு மாடு ஒன்றுக்கு 32,000 ரூபாய், கன்றுக்கு 20,000 ரூபாய், ஆட்டுக்கு 4,000 ரூபாய், கோழிக்கு 100 ரூபாய். ஒரு குடும்பத்துக்குக் கறவை மாடு மூன்று அல்லது ஆடு முப்பது என்றும், கோழிக்கு மொத்தம் 10,000 ரூபாய் என்றும் உச்சவரம்பு உண்டு. இறந்த கால்நடை ஊராட்சியில் இருந்ததா மாநகராட்சியில் இருந்ததா என்ற கேள்வியே அந்த விதிகளில் கிடையாது. மிக்ஜாமுக்குப் பிறகு 2023 டிசம்பரில் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் வெளியிட்ட நிவாரண அறிவிப்பில் பசு, எருமைக்கான தொகை 30,000 ரூபாயிலிருந்து 37,500 ரூபாயாக உயர்த்தப்பட்டது. அந்தப் புயலில் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் சென்னையும் ஒன்று. ஆக, உங்கள் வீட்டில் இறந்த இரண்டு பசுவுக்கும் கன்றுக்கும் சேர்த்து 95,000 ரூபாய் பெறத் தகுதி இருந்தது.

அப்படியானால் ஏன் அப்படிச் சொன்னார்கள் என்று கேட்பீர்கள். மணலி 2011 வரை தனி நகராட்சி. அதன் பிறகு மாநகராட்சியோடு இணைந்தது. வருவாய்க் கணக்கிலோ 2018 வரை திருவள்ளூர் மாவட்டத்தில் இருந்து, அதன் பிறகுதான் திருவொற்றியூர் வட்டத்தோடு சென்னை மாவட்டத்துக்கு வந்தது. சென்னை மாவட்டத்து வெள்ளக் கணக்கெடுப்பு என்றால் குடிசையும் வீட்டுப் பொருளுமே நினைவுக்கு வருகின்றன. கால்நடைப் பட்டியல் என்று ஒன்று எடுக்க வேண்டும் என்பதே பல இடங்களில் மறந்துபோகிறது. மாதவரம், மணலி, எண்ணூர்ப் பக்கங்களில் இன்னும் எத்தனை வீடுகள் பாலை நம்பிப் பிழைக்கின்றன என்பது அங்கே நடந்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். நகர்ப் பகுதியில் மாடு வளர்ப்பதற்கு உரிமம் வேண்டும் என்று 1997ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருப்பது உண்மை. ஆனால் உரிமம் இல்லாதவருக்கு நிவாரணம் இல்லை என்ற நிபந்தனை நிவாரண அளவு விதிகளில் இல்லை. இரண்டும் வெவ்வேறு சட்டங்களின்கீழ் வருபவை. ஒன்றைக் காட்டி மற்றொன்றை மறுத்தால் எழுத்தில் காரணம் கேளுங்கள்.

விதியில் உள்ள உண்மையான நிபந்தனை வேறு. பேரிடரால்தான் அந்த விலங்கு இறந்தது என்று அரசு நியமித்த அலுவலர், நடைமுறையில் கால்நடை உதவி மருத்துவர், சான்றளிக்க வேண்டும். வெள்ளத்தின்போது இது எவ்வளவு கடினம் என்பது எனக்குத் தெரியும். மருத்துவர் வர மூன்று நாள் ஆகும், செத்த மாட்டை அதுவரை வைத்திருக்க முடியாது, புதைத்துவிடுகிறார்கள். 2015 வெள்ளத்துக்குப் பிறகு ஓர் அம்மா என் மேசைக்கு முன்னால் கழுத்துக் கயிற்றையும் மணியையும் துணியில் சுற்றிக் கொண்டுவந்து வைத்தார். அவரிடம் வேறு சாட்சியம் இல்லை. அதைப் பெற்றுக்கொள்ள எந்தப் படிவத்திலும் இடமில்லை. கால்நடை மருத்துவர் நல்ல மனிதர். சினை ஊசி போட்ட அட்டை இருக்கிறதா, கூட்டுறவுச் சங்கத்தில் பால் ஊற்றிய புத்தகம் இருக்கிறதா என்று கேட்டார். புத்தகத்தில் வெள்ளத்துக்கு முந்தைய நாள் மாலை வரை எட்டு லிட்டர் என்று பதிவாகியிருந்தது. மறுநாள் முதல் பக்கம் வெறுமை. அதையும், பக்கத்து வீட்டார் இருவரின் வாக்குமூலத்தையும், புதைத்த இடத்தையும் வைத்து மருத்துவர் சான்று எழுதினார். அதைப் பார்த்த பிறகு, மாடு வைத்திருக்கும் யாரிடம் பேசினாலும் நான் சொல்வது இதுதான்: காதுவில்லை எண்ணை உங்கள் செல்பேசியில் படமெடுத்து வையுங்கள். பன்னிரண்டு இலக்கம் கொண்ட அந்த எண், மாடு உயிரோடு இருந்ததற்கும் அது உங்களுடையது என்பதற்கும் எளிய சாட்சி. மாடு இறந்தால் காதுவில்லை தெரியும்படியும், சுற்றுப்புறம் தெரியும்படியும் படமெடுத்துவிட்டுப் புதையுங்கள்.

உங்கள் மாடுகளைப் பொறுத்தவரை இப்போது பணம் கிடைக்குமா என்பது ஐயத்துக்குரியது. சேதப் பட்டியல் முடிந்து, தொகை ஒதுக்கி, கணக்கு முடித்த பிறகு வரும் மனுவை வட்டாட்சியர் தாமாக ஏற்க முடியாது; விடுபட்ட பெயர் என்று மாவட்ட ஆட்சியருக்குப் பரிந்துரைத்து, அங்கிருந்து சேப்பாக்கம் எழிலகத்தில் உள்ள வருவாய் நிருவாக ஆணையர் அலுவலகத்துக்குப் போக வேண்டும். வெள்ளம் வடிந்த சில வாரங்களுக்குள் எழுத்தில் மனு கொடுத்து ஒப்புகை வைத்திருந்தவர்களுக்கு இப்படிப் பின்னால் கிடைத்ததைப் பார்த்திருக்கிறேன். வாய்மொழியாகக் கேட்டுத் திரும்பியவர்களுக்குக் கிடைத்ததைப் பார்த்ததில்லை. உங்கள் தந்தை அப்போது ஏதாவது எழுதிக் கொடுத்தாரா என்பதைத் தேடிப் பாருங்கள்; எல்லாம் அந்த ஒரு காகிதத்தைப் பொறுத்தது. இன்னொன்று: உங்கள் கேள்வியில், மாடுகள் எண்ணெய் கலந்த நீரைக் குடித்ததாகவும் ஒரு வரி இருக்கிறது. அந்த வெள்ளத்தில் எண்ணூர்க் கழிமுகம் வரை பரவிய எண்ணெய், இயற்கைப் பேரிடர்ப் பட்டியலில் வராது. வெள்ளத்தால் இறந்த மாட்டுக்கு நிவாரண நிதி. ஆலைக் கழிவால் இறந்த மாட்டுக்குக் கழிவை விட்டவர் பொறுப்பு. மனுவில் இரண்டையும் ஒன்றாக எழுதினால், ஒவ்வொரு அலுவலகமும் மற்றதைக் கைகாட்டும். இறந்த காரணம் எதுவோ அதை மட்டும் எழுதுங்கள்.

இனி பயிர். இங்கே ஒரு சொல்லைப் புரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீரும். அரசு தருவதற்கு விதியில் உள்ள பெயர் இடுபொருள் மானியம். இழந்த விளைச்சலின் மதிப்பை ஈடுசெய்வது அதன் நோக்கமல்ல. அடுத்த விதைப்புக்கு விதையும் உரமும் வாங்கக் கைதூக்கிவிடுவது மட்டுமே. 2005ஆம் ஆண்டுப் பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின் 12ஆம் பிரிவும் வாழ்வாதாரத்தை மீட்பதற்கான உதவி என்றே பேசுகிறது, இழப்பீடு என்று பேசவில்லை. இந்த எண்ணம் பழையது. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய பஞ்சத்தில், அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் கால்வாய்ப் பகுதி நிவாரண வேலையாக வெட்டப்பட்டது. உங்கள் பக்கம் எண்ணூர் வழியே போகும் பக்கிங்காம் கால்வாயின் தெற்குத் தொடர்ச்சி அது. மண் சுமந்தால் கூலி, அவ்வளவுதான். போன பயிருக்கு விலை என்பதை அன்றைய அரசு நினைக்கவும் இல்லை. கைதூக்கிவிடுதல் என்ற அந்த அளவைத் தாண்டி இன்றைய விதியும் வெகுதூரம் வந்துவிடவில்லை என்பது என் வருத்தம்.

தொகையைக் கணக்கிட்டுப் பாருங்கள். 33 விழுக்காட்டுக்கு மேல் சேதமான பாசனப் பயிருக்கு ஹெக்டேருக்கு 17,000 ரூபாய், மானாவாரிக்கு 8,500 ரூபாய், பல்லாண்டுப் பயிர்களுக்கு 22,500 ரூபாய். ஒருவருக்கு அதிகபட்சம் இரண்டு ஹெக்டேர். மிக்ஜாமுக்கு முன்பு தமிழ்நாட்டில் இது முறையே 13,500, 7,410, 18,000 ரூபாயாக இருந்தது. மூன்று ஏக்கர் என்பது ஏறக்குறைய 1.21 ஹெக்டேர், ஆக உங்கள் தந்தைக்கு வரவேண்டியது சுமார் 20,600 ரூபாய். ஏக்கருக்கு ஏழாயிரத்தைக்கூட எட்டாத தொகை. உழவு, நாற்று, நடவு, களை, உரம், அவற்றுக்கு மேல் குத்தகை என்று போட்ட பணத்தோடு இதை ஒப்பிட்டால் மனம் கசக்கத்தான் செய்யும். ஆனாலும் அந்த இருபதாயிரம், கந்துவட்டிக்குப் போகாமல் அடுத்த நெல் பருவமான நவரைப் பட்டத்துக்கு விதை வாங்க உதவும். அதனால்தான் அது யாருடைய கைக்குப் போகிறது என்பது முக்கியமாகிறது.

33 விழுக்காடு என்ற எல்லையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். 2015 வரை இது 50 விழுக்காடாக இருந்தது. குறைத்தது நல்ல மாற்றம். ஆனால் வயல் மூழ்கியதே சேதம் ஆகாது. நெல் நீரில் நிற்கும் பயிர். இளம்பயிர் இரண்டு நாள் மூழ்கி, நீர் வடிந்தால் தலைநிமிர்ந்துவிடும். பூக்கும் பருவத்திலோ பால் பிடிக்கும் பருவத்திலோ மூழ்கினால், வெளியே பச்சையாக நின்றாலும் கதிர் பதராகிவிடும். திருவள்ளூர் மாவட்டத்தில் டிசம்பர் முதல் வாரத்தில் சம்பா பெரும்பாலும் இந்தப் பருவத்தை ஒட்டித்தான் இருக்கும். நீர் வடிந்த உடனே சாலையில் நின்று பார்த்துப் போகும் அலுவலருக்குப் பயிர் நன்றாகத் தெரியும். பத்து நாள் கழித்துக் கதிரைக் கையில் பிடித்துப் பார்ப்பவருக்குத்தான் உண்மை தெரியும். வருவாய்த் துறையும் வேளாண்மைத் துறையும் சேர்ந்து செய்யும் கூட்டுக் கணக்கெடுப்பில் விழுக்காட்டைச் சொல்பவர் உதவி வேளாண்மை அலுவலர். அவர் வரும் நாளில் உங்கள் தந்தை வரப்பில் நிற்க வேண்டும். நாலு கதிரை உருவிக் கையில் கொடுக்க வேண்டும். இதற்கு ஈடான மனு எதுவும் இல்லை. அப்போதே பாசன வகையையும் பார்த்துக்கொள்ளுங்கள். ஆழ்துளைக் கிணற்றுப் பாசனம் அடங்கலில், அதாவது கிராமத்துப் பயிர்ப் பதிவேட்டில், எழுதப்படாமல் மானாவாரி என்று இருந்தால் தொகை பாதியாகிவிடும்.

இப்போது நீங்கள் உண்மையில் கேட்டதற்கு வருகிறேன். சேதப் பட்டியலை எழுதும்போது கிராம நிர்வாக அலுவலர் முன்னால் விரித்து வைத்திருப்பது அடங்கல். புல எண், பரப்பு, பயிர், பாசனம், பயிரிடுபவர் எல்லாம் அதில் இருக்க வேண்டும். ஒவ்வொரு பசலியிலும், அதாவது ஜூலை முதல் மறு ஜூன் வரையான வருவாய் ஆண்டில், மாதாமாதம் வயலுக்குப் போய்ப் பயிரைப் பார்த்து எழுத வேண்டியது அது. ஒருவர் இரண்டு மூன்று கிராமங்களைச் சேர்த்துப் பார்க்கும் நிலையில், நடப்பில் முந்தைய பசலியைப் பார்த்துப் புதிய பசலியை எழுதிவிடுவதும், பயிரிடுபவர் என்ற இடத்தில் பட்டாதாரர் பெயரையே போட்டுவிடுவதும் உண்டு. இதை நான் வெளியே நின்று குறை சொல்லவில்லை. நான் கிராம நிர்வாக அலுவலராக இருந்த முதல் ஆண்டுகளில் நானே அப்படி எழுதியிருக்கிறேன். பிறகு ஒரு வெள்ளத்தில், என் கையெழுத்தில் இருந்த பெயரை நம்பிப் பணம் நகரத்தில் இருந்த பட்டாதாரருக்குப் போக, பதினைந்து ஆண்டாக அந்த நிலத்தை உழுத மனிதர் என் வீட்டு வாசலில் வந்து நின்றார். கோபப்படக்கூட இல்லை, என் பெயரை ஏன் எழுதவில்லை என்று மட்டும் கேட்டார். அன்று தொடங்கி, பயிரிடுபவரை நேரில் கேட்காமல் அந்தக் கட்டத்தை நான் நிரப்பியதில்லை. உங்கள் தந்தைக்கு நடந்ததும் பெரும்பாலும் இதுதான். நிலச் சொந்தக்காரர் தந்திரம் செய்து வாங்கினார் என்று உடனே முடிவு செய்துவிடாதீர்கள். அவர் கேட்காமலே பணம் வந்திருக்கவும் கூடும்.

குத்தகைக்காரர் பெயரை எழுதுவதில் இன்னொரு தடை இருக்கிறது. அதை ஒளிக்காமல் சொல்வதுதான் முறை. 1955ஆம் ஆண்டுச் சட்டம் பயிரிடும் குத்தகைதாரரை வெளியேற்றாமல் காக்கிறது. 1969ஆம் ஆண்டுச் சட்டம் வட்டாட்சியர் வழியே குத்தகை உரிமையைப் பதிவு செய்ய வழிசெய்கிறது. நல்ல சட்டங்கள். ஆனால் அவற்றுக்கு அஞ்சியே, எழுத்தில் எதுவும் இல்லாமல் ஆண்டுக்கொரு வாய்ப்பேச்சாகக் குத்தகை விடுகிறார்கள். அடங்கலில் பெயர் ஏறினால் நிலம் போய்விடும் என்று அஞ்சுகிறார்கள். அடங்கலில் ஒரு பசலிக்குப் பயிரிடுபவர் என்று எழுதுவதும், 1969 சட்டத்தின்படி குத்தகை உரிமை பதிவாவதும் ஒன்றல்ல. முன்னது இந்தப் பட்டத்தில் யார் பயிரிட்டார் என்ற குறிப்பு. பின்னது விசாரணை நடத்தி, இரு தரப்பையும் கேட்டு வழங்கும் உத்தரவு. அதே சமயம், பல ஆண்டு அடங்கல் பதிவு ஒரு குத்தகை வழக்கில் சான்றாகக் காட்டப்படும் என்பதும் உண்மை. சொந்தக்காரரின் அச்சத்தில் நியாயமே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். உங்கள் தந்தைக்கும் அவருக்கும் உறவு நன்றாக இருந்தால், உட்கார்ந்து பேசி, நிவாரணமும் காப்பீடும் பயிரிடுபவருக்கு என்று ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்திட்டு வைத்துக்கொள்வது, மனு கொடுத்து ஒருவரையொருவர் பகைப்பதைவிட மேல். உறவு அப்படி இல்லை என்றால், 1969 சட்டத்தின்படி வட்டாட்சியரிடம் விண்ணப்பிக்கும் உரிமை உங்கள் தந்தைக்கு இருக்கிறது. ஆனால் அடுத்த ஆண்டு நிலம் கிடைக்காமல் போகலாம் என்பதையும் எண்ணிப் பார்த்துத்தான் அந்த அடியை வைக்க வேண்டும். அந்த முடிவை நான் எடுத்துத் தர முடியாது.

ஏற்கனவே போன பணத்தைத் திரும்பப் பெறுவது கடினம். ஒருவர் கணக்கில் ஏறிய தொகையை வருவாய்த் துறை திரும்ப வசூலித்து மற்றவருக்குக் கொடுத்ததை என் பணிக்காலத்தில் மிக அரிதாகவே கண்டேன். ஆனாலும் என்ன நடந்தது என்பதை ஆவணமாகத் தெரிந்துகொள்ளுங்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ், பொன்னேரி வட்டாட்சியர் அலுவலகப் பொதுத் தகவல் அலுவலருக்கு, உங்கள் புல எண்ணுக்கான 1433ஆம் பசலி (2023 ஜூலை முதல் 2024 ஜூன் வரை) அடங்கல் நகலையும், மிக்ஜாம் பயிர்ச் சேதப் பட்டியலில் அந்தப் புல எண்ணுக்கு எதிரே உள்ள பதிவையும் கேட்டு எழுதுங்கள். முப்பது நாளில் பதில் தர வேண்டும். நிலம் எந்தக் கிராமத்தில் இருக்கிறதோ அந்த வட்டம்தான் பயிருக்குப் பொறுப்பு, நீங்கள் மணலியில் இருப்பதால் திருவொற்றியூர் வட்டத்துக்குப் போய்ப் பயனில்லை. மாட்டுக்கோ அது இறந்த இடம்தான் கணக்கு. அதற்குத் திருவொற்றியூர் வட்டம். ஒரே குடும்பத்தின் இழப்பு இரண்டு மாவட்டங்களில் பிரிந்து கிடப்பதை ஒரே மனுவில் எழுதினால் அது எங்கும் போய்ச் சேராது. ஆகையால் இரண்டு மனுக்களாக எழுதி, பயிருக்குத் திருவள்ளூர் ஆட்சியர் அலுவலகத்தில் மாதந்தோறும் நடக்கும் விவசாயிகள் குறைதீர்க்கும் நாளிலும், மாட்டுக்குச் சென்னை ஆட்சியர் அலுவலகத்தில் திங்கள்கிழமை குறைதீர்க்கும் நாளிலும் கொடுங்கள். ஒப்புகை வாங்காமல் வெளியே வரவேண்டாம்.

காப்பீடு பற்றிய அச்சம் தேவையில்லை. பிரதமரின் பயிர்க் காப்பீட்டில் சேர்ந்திருப்பதால் இடுபொருள் மானியம் நிற்காது. முன்னது கட்டணம் கட்டிச் சேரும் ஒப்பந்தம். பின்னது அரசின் நிவாரணம். சம்பா நெல்லுக்கு விவசாயி கட்டுவது காப்பீட்டுத் தொகையில் 1.5 விழுக்காடு, மீதக் கட்டணத்தை ஒன்றிய, மாநில அரசுகள் ஏற்கின்றன. குத்தகைக்காரரும் சேரலாம், அங்கும் கிராம நிர்வாக அலுவலரின் சாகுபடிச் சான்று வேண்டும்; மறுபடியும் அடங்கலில்தான் வந்து நிற்கிறோம். இதில் பலர் ஏமாறுவது ஓரிடத்தில். உங்கள் வயலை மட்டும் பார்த்து யாரும் பணம் தருவதில்லை. நெல்லுக்கு வருவாய்க் கிராமம் ஓர் அலகு. அந்தக் கிராமத்தில் சில வயல்களில் பயிர் அறுவடைப் பரிசோதனை செய்து, சராசரி மகசூல், திட்டத்தில் முன்பே குறித்துள்ள உத்தரவாத மகசூலுக்குக் கீழே போனால் காப்பீடு செய்த அனைவருக்கும் அதே விகிதத்தில் இழப்பீடு. ஆற்றோரத்தில் உங்கள் மூன்று ஏக்கர் முழுதாகப் போய், மேட்டில் மற்றவர் வயல்கள் தப்பினால் ஒன்றும் வராமலும் போகலாம். தனி வயலுக்கான வெள்ள மூழ்கல் பாதுகாப்பு நெல்லுக்கு 2018இல் நீக்கப்பட்டது. 2026 காரீப் பருவம் முதல் மீண்டும் சேர்ப்பதாக ஒன்றிய அரசு 2025 நவம்பரில் அறிவித்திருக்கிறது. அது நடைமுறைக்கு வரும்போது 72 மணி நேரத்துக்குள் தகவல் தெரிவிக்கும் கட்டுப்பாடு இருக்கும் என்பதால், அதைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். அறுத்துக் களத்தில் காயப்போட்ட நெல் நனைந்தால் பதினான்கு நாள் வரை பாதுகாப்பு இருப்பதும் அதிகம் பேருக்குத் தெரிவதில்லை.

ஒன்றிய அரசு பணம் அனுப்பவில்லை, அதனால்தான் உங்களுக்குத் தரவில்லை என்று யாராவது சொன்னால் அதையும் நம்ப வேண்டாம். மாநிலப் பேரிடர் நிவாரண நிதியில் நான்கில் மூன்று பங்கு ஒன்றிய அரசுடையது, ஒரு பங்கு மாநிலத்துடையது. ஆண்டுதோறும் இரண்டு தவணைகளில் வருகிறது. 2023-24இல் தமிழ்நாட்டுக்கான ஒன்றியப் பங்கு 900 கோடி ரூபாய். மத்தியக் குழு வந்து பார்ப்பதும், தேசிய நிதியிலிருந்து கூடுதலாகக் கேட்பதும் மாநில நிதி போதாதபோது நடப்பவை. அந்தத் தொகை போதுமா, பங்கீடு நியாயமா என்பது பெரிய விவாதம். மாநிலத்தின் குறையில் நியாயம் உண்டு என்பது என் கருத்து. ஆனால் தனி விவசாயி ஒருவரின் பெயர் விடுபட்டதற்கு அது காரணமல்ல.

எதிர்வரும் சம்பாவுக்கு என்ன செய்வது என்று கேட்டிருந்தீர்கள். நான் மேலே சொன்ன தொகைகள் 2026 மார்ச் வரையான காலத்துக்கானவை. அதன் பிறகு வரும் வெள்ளத்துக்கு அப்போதைய அரசாணையைத்தான் பார்க்க வேண்டும். பெயர் ஏறும் வழி மட்டும் மாறப்போவதில்லை. இப்போது புல எண் வாரியாகச் செல்பேசிச் செயலியில் பயிர் ஆய்வு செய்கிறார்கள். விவசாயிகளுக்குத் தனி அடையாள எண்ணும் தருகிறார்கள். அந்த எண் நில உடைமையை அடிப்படையாகக் கொண்டிருப்பதால், குத்தகைக்காரர் பெயர் மேலும் பின்னுக்குப் போய்விடுமோ என்ற கவலை எனக்கு இருக்கிறது. ஆகவே நடவு முடிந்த உடனே, மழைக்காகக் காத்திராமல், உங்கள் தந்தை கிராம நிர்வாக அலுவலரை நேரில் பார்த்து, எந்தப் புல எண்ணில் என்ன பயிர், என்ன பாசனம், யார் பயிரிடுவது என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்து, நகலில் கையெழுத்து வாங்கட்டும். கூடவே ஆதார் இணைந்த அவருடைய வங்கிக் கணக்கு நடப்பில் இருக்கிறதா என்று பாருங்கள். பட்டியலில் பெயர் இருந்தும் கணக்கு முடங்கிப் பணம் திரும்பிப்போன குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன். ஐப்பசி முடிவதற்குள் அடங்கல் நகலை வாங்கி, பயிரிடுபவர் என்ற இடத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று நீங்களே படித்துப் பாருங்கள். 1433ஆம் பசலி நகல் கைக்கு வந்ததும், பெயர்களையும் புல எண்ணையும் மறைத்துவிட்டு அதில் உள்ளதை எழுதுங்கள். மனுவை எப்படி வாசகப்படுத்துவது என்று அதைப் பார்த்துச் சொல்கிறேன்.